பழைய லீவு நோட்டீஸ் என்று சொன்னவன்

தம்பி,

இன்றைக்குக் காலையில் காலேஜ் இணையப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்தை வாசித்துச் சொல்ல நீங்கள் என் போனில் வைத்துக் கொடுத்த குரல், "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றுபோனது. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க சேக்காளிக்கு அஞ்சலி நோட்டீஸ் மாமா" என்றாள். தாளில் அடித்து, போட்டோ பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து அந்தக் குரலுக்கு வாசிக்க வராது. நீங்கள் இருந்திருந்தால் ஆபீஸே அதிர்ந்திருக்கும். நான் சொல்லச் சொல்ல இதை அவள்தான் எழுதுகிறாள்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துக் காலேஜில் நீங்கள் கிளார்க், நான் அட்டெண்டர். உங்களுக்குப் பார்வை கிடையாது, எனக்கு எழுத்துத் தெரியாது. உங்களுடையது எல்லாருக்கும் தெரியும். என்னுடையதை முப்பது வருஷம் மூடி வைத்திருந்தேன். அட்டையின் நிறத்தையும் மூலையில் இருக்கும் கறையையும் வைத்தே ஃபைல் எடுத்துக் கொடுப்பேன், ஒன்றுகூட மாறியதில்லை.

காலேஜ் இணையப் பக்கத்தில் ஏறும் நோட்டீஸையெல்லாம் மதியம் காதில் கேட்டுப் பார்ப்பீர்கள், பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் போய்ச் சேருமா என்று. ஒரு நாள் உங்கள் கம்ப்யூட்டரின் குரலும் "படம்" என்றது. நம்மைத் தவிர ஆளில்லை.

"அண்ணே, இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் பாருங்க."

குனிந்து பார்த்தேன். மேலே முத்திரை, கீழே பச்சை மையில் கையெழுத்து. லீவு நோட்டீஸும் அப்படித்தான் இருக்கும்.

"பழைய லீவு நோட்டீஸ்தான் தம்பி."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

நம்பி அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். பரீட்சையில் சொல்வதைக் கேட்டு எழுத ஆள் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் மனு கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்திருக்கிறது. திருவாதவூர்ப் பிள்ளை ஒன்று, அவளுக்கும் பார்வையில்லை, எழுத ஆளில்லாமல் பரீட்சை அறை வாசலிலேயே நின்றாள். நீங்கள் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சண்டை போட்டீர்கள். தேதி முடிந்தது முடிந்ததுதான் என்றுவிட்டார்கள். அவளுக்கு ஆறு மாசம் போச்சு.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டீர்கள்.

"அண்ணே, உங்களுக்கு வாசிக்க வராதுல்ல?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"ஒரு குருடனையே ஏமாத்திப்புட்டீங்களேண்ணே. வராதுன்னு சொன்னா என்ன? கண்ணு தெரியாது, யாராச்சும் சொல்லுங்கன்னு நான் ஒரு நாளைக்கு எத்தனை பேர்ட்ட கேக்குறேன்."

பஸ் ஏறும்போது, "அந்தப் பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றீர்கள். சரி என்றேன். சொல்லவில்லை. நீங்களும் யாரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மறுவாரம் என் போனை வாங்கி அந்தக் குரலை வைத்துக் கொடுத்தீர்கள்.

முந்தாநாள் உங்களை எடுக்கும்போது வீட்டு வாசலுக்கு அந்தத் திருவாதவூர்ப் பிள்ளையும் வந்திருந்தாள். ஒத்தக்கடையில் டீச்சராக இருக்கிறாளாம். "பக்கத்துல யாரு நிக்கிறது?" என்று கேட்டாள்.

"காலேஜ் ஆபீஸ்ல இருந்தவன்மா."

"அட்டெண்டர் அய்யாவா? சார் உங்களைப் பத்தி நல்லா சொல்லுவாரு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். செருப்பைத் தேடுகிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் பார்வையில்லை என்பது, குனிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.