சுவரில் வேறொருவர் குடும்பம்

பால்டிமோர்
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள டெல்மார் அண்ணனுக்கு,

கொரியாவில் உன் ராணுவ முகாமில் குளிர் இன்னும் விடவில்லை என்று போன வாரம் சொன்னாய். இங்கே விட்டுவிட்டது. சன்னலைத் திறந்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன. நாம் பேசும்போது அப்பா என் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்க்கிறார். பேச்சு அவருக்குப் பாதி விட்டுப்போகிறது. என் முகம் மாறுவது மட்டும் விட்டுப்போவதில்லை. அதனால் காகிதம்.

அப்பா சாப்பிடுகிறார். தூங்குகிறார். சில நாட்கள் என்னை "லூவென்னா" என்று மறைந்த அம்மாவின் பெயரில் கூப்பிடுகிறார். நான் திருத்துவதில்லை.

மாடிப்படியில் மறுபடியும் சறுக்கிவிட்டார். பெரிய அடி இல்லை. ஆனால் படுக்கையும் குளியலறையும் மாடியில் இருக்கும்வரை இது நிற்காது என்கிறார் மருத்துவர். கீழே ஓர் அறையும் குளியலறையும் கட்டி, பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைக்க வேண்டும். இல்லையென்றால் முதியோர் இல்லம். நீ இல்லத்தின் பக்கம். உன்னைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் பத்திரமாகத் தெரியும். ஆனால் அண்ணா, அவருக்கு மிச்சமிருக்கும் நினைவெல்லாம் இந்த வீட்டில்தான் இருக்கிறது. என் வயது அவருக்குத் தெரியாது. ஆனால் எந்தப் படி கிறீச்சிடும் என்று தெரியும். இங்கிருந்து எடுத்தால் அதுவும் போய்விடும். அவர் தன் வீட்டிலேயே இருக்க வேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

அதற்காக வீட்டின் மேல் கடன் கேட்டிருந்தேன். வீட்டின் விலையைக் கணிக்க வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பியது. நல்ல மனிதர். வாசலில் காலணியைத் துடைத்துவிட்டு வந்தார். படிக்கட்டுச் சுவரில் இருக்கும் படங்களின் முன் நின்றார். பாடகர் குழு அங்கியில் அம்மா. சீருடையில் நீ. பட்டமளிப்பு உடையில் நான். "அழகான குடும்பம்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பிறகு மதிப்பு வந்தது. பூங்காவுக்கு அந்தப் பக்கத்தில், இதே ஆள் இதே வருடம் கட்டிய இதே மாதிரி வீடு போன கோடையில் விற்ற விலையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்தப் பக்கம் முழுக்க வெள்ளைக்காரர்கள் என்பது உனக்குத் தெரியும். இந்த மதிப்புக்குக் கிடைக்கும் கடன் கீழறைக்குப் போதாது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ எப்போதும் கேலி செய்வாய். இதுதான் அந்த வேலை. விலை வேறான இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்கிறேன். அறைகள், வயது, கூரை, பள்ளிக்கூடத்தின் தூரம், தெருவில் நடந்த திருட்டுகள், எல்லாவற்றையும் சமமாக்கிக் கழிக்கிறேன். கழித்தபின் ஒன்றும் மிஞ்சக்கூடாது. மிஞ்சுகிறது. கறுப்பர் வீடு என்பதைத் தவிர வேறு பெயர் இல்லாத மிச்சம். என் ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் பார்த்த ஒருவர், "ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியாத பராமரிப்புக் குறைகள் இருக்கலாமே" என்று குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார். அந்த வரியைப் படித்துவிட்டு நம் வீட்டு சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தன் கையால் பூசியது. ஊரில் பாதி வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நமக்காகச் செய்தது.

வேறொரு வங்கி. வேறொரு மதிப்பீட்டாளர். அவர் வருமுன் நம்மைச் சுவரிலிருந்து இறக்கிவிடப் போகிறேன். இது நம் தெருவுக்குப் புதிதில்லை. பல்கலைக்கழகத்தில் என் துறையில் வேலை செய்யும் கிரெட்டா அன்று வீட்டில் இருப்பாள். வீட்டுக்காரரின் மகளாக. அதாவது நானாக. நம் குடும்பப் பெயர் கறுப்பரா வெள்ளையரா என்று காட்டிக்கொடுக்காத பெயர். அது நல்லதாகப் போயிற்று. வெறும் சுவரில் ஆணித் தடம் தெரியும் என்று கிரெட்டா தன் குடும்பப் படங்களையே கொண்டுவருகிறாள்.

பக்கத்து வீட்டு மிஸ் எர்னஸ்டினிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏண்டி, இவ்ளோ படிச்சு கடைசில ஒரு வெள்ளக்காரிய வாடகைக்கு எடுக்குறியா? ஒரு நாள் அவள எங்கிட்டயும் அனுப்பு. வாட்டர் போர்டுக்காரன் கூட சண்ட போடணும்" என்றார். சிரித்து முடித்ததும், "லூவென்னா படத்த மட்டும் எங்கிட்ட குடு. அத பேஸ்மென்ட்ல போட்றாத" என்றார்.

குளிரில் தொப்பி போடு.

உன் தங்கை,
ஆட்ரா

*

பால்டிமோர்
ஏப்ரல் இறுதி

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "செய், ஆனா அப்பாவுக்குத் தெரியாம செய்" என்று எழுதியிருந்தாய். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசையாக எழுதினால் எனக்கே புரியும் என்று ஒரு நம்பிக்கை.

காலையில் மிஸ் எர்னஸ்டின் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காலை உணவு கொடுத்தார். அதற்குள் நானும் கிரெட்டாவும் படங்களை மாற்றினோம். சமையலறையிலிருந்து தேவாலயத்து நாட்காட்டி போனது. குளியலறையிலிருந்து என் தலைக்கு வைக்கும் எண்ணெய், சீப்பு, இரவில் கட்டும் துணி, கறுப்பர் வீடு என்று சொல்லிவிடும் எல்லாம். அலமாரியிலிருந்து கறுப்பர் எழுதிய புத்தகங்கள். எந்தப் புத்தகம் என்ன நிறம் என்று இவ்வளவு யோசித்ததில்லை. நம் ஆணிகளில் கிரெட்டாவின் ஆட்கள் ஏறினார்கள். பாய்மரப் படகில் ஒரு கிழவர். பனிச்சறுக்கில் ஒரு பையன். ஒரு மணமகள். கிரெட்டா மணமகளை நேராக்கினாள். "ஆட்ரா, நான் திருடுற மாதிரி இருக்கு" என்றாள். திருடவில்லை, கடன் கொடுக்கிறாய் என்றேன். அப்போது அது நல்ல பதிலாகத் தோன்றியது.

பிறகு அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டேன். நீர்த்தேக்கத்தைச் சுற்றி வந்தோம். வறுத்த மீன் வாங்கினோம், ரொட்டியோடு, காரச் சாறு ஊற்றி. அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். "கடைக்காரன் மீனக் கொறச்சுட்டான், ரொட்டிய ஏத்திட்டான்" என்றார். மதிப்பீட்டாளர் தாமதம் என்று கிரெட்டாவிடமிருந்து செய்தி. மறுபடி தாமதம். அப்பாவுக்குச் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. கடையில் கழிப்பறைக்கு விடமாட்டோம் என்றார்கள். மிஸ் எர்னஸ்டின் வீட்டுக்குப் பின்சந்து வழியாகக் கூட்டிப்போகலாம் என்று நம் தெருமுனையில் காரை நிறுத்தினேன். கிரெட்டாவுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பக்கத்து இருக்கை காலி.

அவர் நம் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். தள்ளாடாமல். அவ்வளவு நேராக அவர் நடந்து பல மாதங்கள் ஆகின்றன. வாசலுக்கு முன்னால் மதிப்பீட்டாளரின் கார் நின்றது. அவர் வெளிப்புறத்தைப் படமெடுக்க வந்து போனதால் கதவு திறந்திருந்தது.

நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுவிட்டேன் அண்ணா. கூப்பிட்டிருக்கலாம். "அப்பா" என்று ஒரு சத்தம் போதும். அந்த ஒரு சத்தத்தில் எல்லாம் போய்விடும் என்பதும் தெரியும். வாய் திறக்கவில்லை.

திறந்த கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. படிக்கட்டுச் சுவரின் முன் நின்றார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

மீதி கிரெட்டா சொன்னது.

அவள் சமையலறையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். மதிப்பீட்டாளர் படியில் நின்று அளந்துகொண்டிருந்தார். அப்பா தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கம்மா. கதவு தெறந்திருந்துச்சு. தப்பான வீட்டுக்குள்ள வந்துட்டேன் போல" என்றாராம். அவள் மதிப்பீட்டாளரைப் பார்த்திருக்கிறாள். அவர் அவளைக் காப்பாற்றுவதுபோல மேலே பார்த்திருக்கிறார். "சீலிங் வேல நல்லாருக்கும்மா. யாரோ வேல தெரிஞ்சவன் பண்ணியிருக்கான். ஒரு விரிசல் இல்ல பாருங்க."

மதிப்பீட்டாளரும் மேலே பார்த்தாராம். "ஆமா, இந்த மாதிரி இப்ப யார் பண்றா" என்று எழுதிக்கொண்டாராம்.

அப்பா போகத் திரும்பியவர் நின்று, "பின்பக்கமா போகட்டுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் தலையாட்டியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அழுதாள். "நான் ஏன் தலையாட்டினேன்? நீங்க இருங்கன்னு சொல்லியிருக்கலாமே" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். 

பின்சந்தில் குப்பைத் தொட்டிகளின் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். தொப்பி இன்னும் கையில். கால்சட்டை நனைந்திருந்தது. "அவங்க ஒண்ணும் திட்டல" என்றார் என்னிடம். "நல்ல ஜனங்க."

வெள்ளைக்காரர் வீட்டில் தொப்பியைக் கழற்று, பின்வாசல் வழியாகப் போ என்ற பாடத்தைத் தென் கரோலைனாவில் சின்ன வயதில் அவர் கற்றுக்கொண்டிருப்பார். நம்மிடம் ஒருநாளும் அதைப் பேசியதில்லை. நமக்கு அது வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. எல்லாம் மறந்துபோன பிறகும் கையும் தொப்பியும் மட்டும் மறக்கவில்லை.

அன்று மாலையே நம் படங்களைத் திரும்ப மாட்டிவிட்டேன். அதே ஆணிகளில். அம்மாவை மிஸ் எர்னஸ்டின் தானே துடைத்துக் கொண்டுவந்து மாட்டினார். அன்று அவர் எந்த நக்கலும் அடிக்கவில்லை.

நீ கவலைப்படுவாய். ஆனால் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆட்ரா

*

பால்டிமோர்
ஜூலை

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். கடன் வந்துவிட்டது. புது மதிப்பு பழையதைப்போல ஒன்றரை மடங்கு. அதே செங்கல், அதே குழாய். முதல் அறிக்கையில் உட்புறப் பூச்சு "சராசரி". இரண்டாவதில் "மிகச் சிறப்பு". கீழறையும் குளியலறையும் முடிந்துவிட்டன. சுவரில் கைப்பிடிகள் வைத்திருக்கிறோம். பகலில் பார்த்துக்கொள்ள ரோசலின் என்ற பெண் வருகிறாள். பொறுமைசாலி, சீட்டாட்டத்தில் அப்பாவிடம் வேண்டுமென்றே தோற்பாள்.

நகர மன்றத்தில் மதிப்பீடுகள் பற்றிய சட்ட வரைவுக்கு என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எண்களைச் சொன்னேன். உறுப்பினர் ஒருவர், அன்பான பெண்மணி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நம்பரெல்லாம் சரி டாக்டர். ஆனா ஜனங்க மனசுல நிக்கணும்ல? உங்களுக்குத் தெரிஞ்ச யாரோட கதையாவது சொல்லுங்களேன்." இல்லை என்றேன். ஒரு வீடு ஆதாரம் ஆகாது என்றேன். அது உண்மைதான். நாங்கள் செய்தது தெரிந்தால் கடன் கையை விட்டுப்போகும் என்ற பயமும் உண்மைதான். ஆனால் அந்த அறையில் அப்பாவைத் தொப்பியும் கையுமாக இன்னொரு முறை நிறுத்த என்னால் முடியாது. வரைவை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

இப்போது மற்றது.

அப்பா முன்வாசல் வழியாக வருவதில்லை. அன்றிலிருந்து இல்லை. வெளியே போய்த் திரும்பினால் சந்து வழியாகச் சமையலறைக் கதவுக்குப் போய் நிற்கிறார். யாராவது உள்ளே கூப்பிடும்வரை நிற்கிறார். ஒரு நாள் மழை. புது அறையில் கட்டில் விளிம்பில்தான் உட்காருகிறார், காலணியோடு, எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோகத் தயாராக. அம்மாவின் படத்தைக் காட்டினேன். "எனக்கு இவங்களத் தெரியும்" என்று சந்தோஷப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவங்களும் இங்கதான் வேல பாத்தாங்களா?" என்றார்.

எந்தப் படி கிறீச்சிடும் என்று இப்போது அவருக்குத் தெரியவில்லை.

நேற்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "நீ எத்தன நாளா இங்க வேல பாக்குற கண்ணு?" என்று கேட்டார். ரொம்ப நாளாக என்றேன். "அந்தம்மா எப்படி? சம்பளம் ஒழுங்கா தர்றாங்களா?" தருகிறார்கள் என்றேன். அவருக்கு நிம்மதி. ஒரு தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகணும். லூவென்னா காத்துட்டிருப்பா. பஸ் எங்க நிக்கும்னு மட்டும் சொல்லு" என்றார்.

தினமும் மாலையில் கேட்கிறார். கோபமில்லாமல், மரியாதையாக. நான் பேருந்து தாமதம் என்கிறேன். அவர் காத்திருக்கிறார். உறங்கும்வரை காத்திருக்கிறார்.

மருத்துவர் இது நோயின் போக்கு, எப்படியும் வந்திருக்கும் என்கிறார். இருக்கலாம். அன்று அப்படி நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, அன்று அந்தக் கதவுக்குள் போகாத இன்னொரு அப்பா வேண்டும். என்னிடம் ஒருவர்தான் இருக்கிறார்.

உனக்கு விடுமுறை கிடைப்பது கடினம் என்று தெரியும். இல்லத்தைப் பற்றி நீ சொன்னது சரியா தவறா என்று இப்போது சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நீ சொன்னால் கேட்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒருமுறை வா அண்ணா. உன்னை அவருக்கு அடையாளம் தெரியாமல் போகலாம், அதற்குத் தயாராக வா. சீருடை போட்டுக்கொள். சீருடை போட்டவர் சொன்னால் அவர் நம்புகிறார். அவர் கையைப் பிடித்து முன்படி ஏற்று, கதவை நீயே திற, இது உங்கள் வீடு என்று சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "சத்தமா சொல்லாத கண்ணு, வீட்டுக்காரங்களுக்குக் கேட்டுரும்" என்கிறார்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். சீக்கிரம் வா.

உன் தங்கை,
ஆட்ரா