மணல்குழி ஓரத்தில் ஒரு காலடி

நேற்று காலையில் சரசு என் கோல்ஃப் பையை அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து இழுத்து வாசலில் போட்டாள். என் பெண்டாட்டிக்கு வீட்டில் ஒரு சாமான் சும்மா கிடந்தால் பொறுக்காது, உனக்குத்தான் தெரியுமே. "இத வச்சிருக்கப் போறீங்களா, இல்ல யாருக்காச்சும் தூக்கிக் கொடுத்துரலாமா? எறும்பு கூடு கட்டிருச்சு பாருங்க" என்றாள். நான் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டேன். விரலில் சுருக்கென்று குத்தியது.

உன் முள்கரண்டி.

வீட்டுச் சமையல்கட்டிலிருந்து எடுத்துப் போய், கோலசிலாங்கூரில் உன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வைத்து நடுப்பற்களை அறுத்து, முனையைத் தேய்த்து நீ செய்துகொண்டது. கிளப்பில் இதற்கென்றே அழகழகாக விற்கிறார்கள். நீ வாங்கமாட்டாய். "என் கைக்கு இதுதான் பழகிருச்சு, விடுலா" என்பாய். பந்து உயரத்திலிருந்து கிரீனில், அதுதான் குழிக்கொடி நிற்கும் அந்த வழவழப்பான புல்தரையில், விழுந்தால் சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைச் சுற்றி முள்ளால் குத்தி, ஓரத்துப் புல்லை நடுவுக்குத் தள்ளி, மட்டையால் மெல்லத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். கரண்டியின் பல்லிடுக்கில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நீயாக இருந்தால் துடைத்து வைத்திருப்பாய். என் பையில் கிடந்ததால் அப்படியே இருக்கிறது. நான் முகர்ந்து பார்த்ததை சரசு பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ போன பிறகு உன்னோடு நான் பேசுவது இதுதான் முதல் தடவை. உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு மனுஷன் போனால் எதையாவது விட்டுவிட்டுப் போகவேண்டாமா? கருமாதி முடிந்த பிறகு உன் பட்டறைக்குப் போய் நின்றேன். எல்லா ஸ்பேனரும் ஆணியில் வரிசையாகத் தொங்குகின்றன, தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சாயங்காலமானால் துடைத்துவிட்டுத்தானே கதவைச் சாத்துவாய். போட்டோவில் தேடினேன். எல்லாவற்றையும் எடுத்தவன் நீ, அதனால் எதிலும் நீ இல்லை. வாட்ஸ்ஆப்பில் நீ அனுப்பிய காலை வணக்கப் பூக்கள் குவிந்து கிடக்கின்றன. அந்த ரோஜாப்பூவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மைதானத்திலும் அதே கதைதான். "நாம வந்துட்டுப் போனது பின்னால வர்றவனுக்குத் தெரியக்கூடாதுடா" என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்விட்டாய்.

அந்தச் சொல்லை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்த ஒன்பது குழி மைதானம் ஒரு காலத்தில் எஸ்டேட் துரைமார் ஆடிய இடம். உன் அம்மாவும் என் அம்மாவும் வெயிலில் குந்தியபடி அதில் களை பிடுங்கியவர்கள். உன் அம்மா லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்து காலை நீட்டிக்கொண்டு, "அவுங்க கிழிச்சிட்டுப் போறாங்க, நாங்க தச்சிட்டு வாரோம்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பிறகு யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று ஆகி, உன் பட்டறைக்கு வரும் ஒருவர் ஊர் மாறும்போது பழைய மட்டைகளை உன் தலையில் கட்டிவிட்டுப் போனார். நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அப்போதே நமக்கு நாற்பது தாண்டிவிட்டது. முதல் நாள், முதல் அடி. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, புல்கட்டிதான் பறந்தது. நீ பந்தை விட்டுவிட்டு, அந்தப் புல்கட்டியைத் தேடிப்போய் எடுத்து வந்து, பெயர்ந்த இடத்திலேயே பதித்து, காலால் மிதித்தாய். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

பந்தைச் சிக்கவைக்கவென்றே வெட்டி வைத்திருக்கும் மணல்குழி விஷயத்தில் நீ இன்னும் மோசம். பந்து அதில் விழுந்தால், உயரமான பக்கத்திலிருந்து சரிந்து இறங்கக்கூடாது, தாழ்ந்த பக்கமாகத்தான் இறங்கவேண்டும். வெளியே வரும்போது, மணலைச் சீவிவிடும் பல்வைத்த ரேக்கை இழுத்துக்கொண்டே பின்னுக்கு நடந்து, காலடி எல்லாவற்றையும் கலைத்துவிட்டு வரவேண்டும். இது எல்லாரும் செய்யவேண்டிய மரியாதைதான், யாரும் முழுசாகச் செய்வதில்லை. நீயோ உன்னுடையதை மட்டுமா இழுத்தாய்? முன்னால் போனவன் விட்டதையும் சேர்த்து இழுப்பாய். நாங்கள் நின்றால், "நீங்க போங்க, நான் இழுத்துட்டு வர்றேன்" என்று விரட்டுவாய். நம்மோடு மூன்றாவதாக ஆட வரும் லிம், அதுதான் செகிஞ்சானில் வயல் வைத்திருப்பவர், "உன் கூட்டாளி கோல்ஃப் ஆட வந்தானா, வயலுக்குப் பரம்படிக்க வந்தானா?" என்று மலாயில் கேட்டு என் தோளைத் தட்டுவார்.

உன்னை உத்தமன் என்று எழுதி வைத்தால் நீயே விழுந்து விழுந்து சிரிப்பாய். அதனால் இதையும் எழுதுகிறேன். குறைந்த அடியில் குழியில் போடுகிறவனுக்குத்தானே ஜெயம், நீ எட்டு அடி அடித்துவிட்டு வாய் கூசாமல் "ஆறு" என்பாய். நான் கண்ணெதிரே எண்ணியிருப்பேன். "டே, அந்தப் புதருக்குள்ள ரெண்டு அடிச்சியேடா!" என்று கத்தினால், "அது ப்ராக்டிஸ்லா" என்பாய். புல்லை ஏமாற்ற உனக்கு மனசு வராது. என்னை ஏமாற்ற மட்டும் தாராளமாக வரும். அதற்காக நாம் போட்ட சண்டையில் பாதிநாள் டீக்கடையில் தனித்தனி மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். பாவம் லிம், நடுமேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து ரொட்டி சானாய் தின்பார்.

உனக்கு வயிற்றில் வந்த புற்று முற்றிப்போய்விட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, உன் வீட்டிலிருந்து போன் வந்தது. உன் மனைவிதான் பேசியது. "அண்ணே, ஒரே ஒரு குழியாச்சும் ஆடணும்னு உசுர வாங்குறாரு. கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள கொண்டாந்து விட்ருங்க." நான் சரி தங்கச்சி என்று வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்றைக்கு மைதானத்துக்குள் ஓட்டும் பக்கி வண்டி எடுத்தோம். நாம் எப்போதும் நடப்பவர்கள், அன்று உன்னால் முடியாது. முந்தின நாள் மழை பெய்து தரை ஊறிக்கிடந்தது. நான் ஏழாவது குழிப் பக்கம் வண்டியைப் புல்லுக்குள் திருப்பினேன். நீ என் கையைப் பிடித்தாய். "உள்ள விடாதடா. டயர் தடம் விழுந்துரும்."

"நிக்கவே தெம்பில்ல ஒனக்கு, புல்லுக்குப் பாவம் பாக்குறியா?" என்று கத்தினேன். அவ்வளவு கோபம் எனக்கு. உண்மையில் அது புல் மேல் வந்த கோபமா, என்ன? நீ என்னைத் திட்டவில்லை. வண்டியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாய். நானும் உன் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

உன் பந்து மணல்குழியில் விழுந்தது. அப்போதும் தாழ்ந்த பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் இறங்கினாய். அடித்தாய், வரவில்லை. மறுபடி அடித்தாய். மணல் உன் முகத்திலேயே விழுந்தது. கடைசியில் பந்து எப்படியோ எகிறி கிரீனில் போய் நின்றது. நீ ஏதோ கோப்பை வாங்கினவன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்புறம் ரேக்கை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தாய். இரண்டாவது இழுப்புக்குக் கை வரவில்லை. ரேக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்று மூச்சு வாங்கினாய். பின்னால் ஒரு கூட்டம் காத்திருந்தது. அவர்களைப் பார்த்து உன் முகம் சுருங்கியதே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

நான் இறங்கி வந்து ரேக்கை வாங்கினேன். "நீ போ. நான் இழுத்துட்டு வர்றேன்."

நீ போனாய். சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து. நான் நீ செய்வதைப் போலவே பின்னுக்கு நடந்து நடந்து எல்லாவற்றையும் இழுத்துவிட்டு கிரீனுக்கு வந்தேன். என் பந்து விழுந்த பள்ளம் அங்கே இருந்தது. என் கருவியைக் காணவில்லை, வழக்கம்போல. நீ சட்டைப் பையிலிருந்து உன் கரண்டியை எடுத்து நீட்டினாய். குந்தி உட்கார்ந்து அடைத்துவிட்டு, அதை என் பையில் போட்டுக்கொண்டேன். நீ பந்தைக் குழியில் தட்டிவிட்டு, "ஆறு" என்றாய். நான் ஆறு என்றே எழுதினேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் உனக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. என்னை ஒரு மாதிரி பார்த்தாய்.

அப்புறம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "டே, அந்த ஓரத்துல ஒண்ணு விட்டுட்டே பாரு" என்றாய்.

திரும்பிப் பார்த்தேன். மணல்குழியின் விளிம்பில் ஒரே ஒரு காலடி. நீ ஏறி வந்த இடம். இடது காலை வெளிப்பக்கம் சாய்த்து மிதிப்பாயே, குதிகால் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக, அந்த அடி. "இருந்துட்டுப் போவுது, வா லா. ஆளுங்க நிக்கிறாங்க" என்றேன். நீ நகரவில்லை. சரி என்று இறங்கிப் போய் அதையும் இழுத்துவிட்டேன். ஒரே இழுப்பு. மணல் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. நீ தலையை ஆட்டினாய், வண்டிக்கு நடந்தோம்.

அடுத்த ஞாயிறு நீ இல்லை.

அன்று மத்தியானமே மழை வந்திருக்கும், அந்த அடி தானாகவே கரைந்திருக்கும். எனக்கு அது தெரியாதா? ஆனாலும் மழை அழித்திருக்கட்டுமே. என் கையாலா? அடப்பாவி, நீயே காட்டிக்கொடுத்து, என்னையே அழிக்க வைத்தாய். உன்னுடையது என்று மண் மேல் கடைசியாக இருந்தது அது ஒன்றுதான். அதனால்தான் இத்தனை நாளும் அந்தப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை வெறித்துக்கொண்டிருந்தேன்.

இன்று போனேன். கரண்டி கைக்கு வந்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. லிம்முக்குப் போன் போட்டேன். எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். புல் வெட்டும் ரஹீம், அதுதான் உன்னைக் கண்டால் மிஷினை நிறுத்திவிட்டு சலாம் வைக்கும் அந்த வங்காளதேசத்துப் பையன், இன்றும் மிஷினை நிறுத்தினான். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "போஸ் சத்து லாகி மானா?" என்று கேட்டான். இன்னொரு முதலாளி எங்கே என்கிறான். நீ போய்விட்டதை லிம்தான் மெதுவாகச் சொன்னார். ரஹீம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நாங்கள் கடந்து வெகுதூரம் போகும்வரை மிஷின் சத்தம் கேட்கவில்லை.

ஏழாவது குழியில் என் பந்து அதே மணல்குழியில் விழுந்தது. வேணும்னே அடிச்சியா என்று கேட்பாய். அவ்வளவு குறி எனக்கு இருந்தால் நான் ஏன் உன்னோடு ஆடினேன்? உள்ளே யாரோ மிதித்துவிட்டு இழுக்காமல் போயிருந்தார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெஞ்சு குதித்தது. கிட்டப்போய்க் குனிந்து பார்த்தேன். பெரிய கால், புது ஷூ. யாரோ.

பந்தை அடித்துவிட்டு ரேக்கை எடுத்தேன். அவனுடையதையும் என்னுடையதையும் சேர்த்து இழுத்தேன். பின்னுக்கு நடந்து நடந்து விளிம்புக்கு வந்தேன். ஏறும்போது என் காலடி ஒன்றை மட்டும் ஓரத்தில் விட்டேன். தெரிந்தேதான் விட்டேன். ரேக்கை வைத்துவிட்டு கிரீனுக்கு நடந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. உன் கரண்டியை எடுத்து என் பள்ளத்தை அடைத்தேன். அப்புறம் நிமிர்ந்து, மணல்குழிக்கு முதுகைக் காட்டியபடி நின்றேன்.

லிம் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். அவர் அந்தக் காலடியைப் பார்த்துவிட்டார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். தோட்டத்து ரோட்டில் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி ஒன்று போகும் சத்தம் கேட்டது, அதுவும் அடங்கியது. நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். யாரும் அதைக் காட்டிக் கூப்பிடவில்லை.

"டே, அந்த ஓரத்துல ஒண்ணு விட்டுட்டே பாரு" என்று நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டு, இறங்கிப் போய் அதையும் இழுத்துவிட்டேன்.