வெள்ளாடை உடுக்கச் சொன்ன வழிநூல்

ஆனித் திங்கள், தேய்பிறை ஐந்தாம் நாள், கடல் உள்வாங்கிய பொழுது.

முகிலாற்று நாட்டை ஒரு குடைக்கீழ் காத்து, ஆழிக்குடி அரியணையில் வீற்றிருக்கும் பேரரசி இளநங்கை மாதேவியார் திருமுன்புக்கு, வெண்பாறைத் தீவிலிருந்து ஓலைநாயகம் ஐயாறன் வணங்கி விடுக்கும் ஓலை. நாட்டில் மழை பொய்யாதிருக்க. தேவியார் கோல் சாயாதிருக்க. தூதர் வெண்காடனார் உடல்நலத்தோடு இருக்கிறார். எனினும் இவ்வோலையைத் தாமே சொல்லி எழுதுவிக்க அவருக்கு மனம் தெளியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுமாறு மட்டும் பணித்தார்.

புயலில் கடல்கொண்டது என்று நாம் எண்ணியிருந்த மரக்கலத்தார் இத்தீவில் உயிரோடு இருப்பதாகச் செய்தி வந்ததையும், அவர்களை மீட்டு வரத் தூதர் அனுப்பப்பட்டதையும் தேவியார் அறிவார். அம்மரக்கலத்தாருக்குத் தலைவன் கலியன், தூதரின் உடன்பிறந்த தம்பி.

புறப்படும் முன் இத்தீவைப் பற்றிய வழிநூல்கள் இரண்டு சுவடிச்சாலையில் கிடைத்தன. ஒன்று, அறவாணர் என்னும் அடிகள் இங்கே கால் வைக்காமலே, துறையில் வந்துபோவோரிடம் பல ஆண்டுகள் கேட்டுத் தொகுத்தது. மற்றொன்று, வணிகர் நாகன்தேவர் இங்கே ஒரு திங்கள் தங்கி, கண்டதை எழுதியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. விருந்தினர் பூச்சூடி வண்ண ஆடையில் வரவேண்டும் என்றார் அடிகள். பூவே கூடாது, வெள்ளாடை வேண்டும் என்றார் வணிகர். அரசர் தரும் இளநீரை மிச்சமின்றிப் பருகுக என்றது அடிகள் நூல். பருகாமல் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்குக என்றது வணிகர் நூல். நம் மன்றங்களில் கேட்டவன் சொல்லைவிடக் கண்டவன் சொல்லே நிற்கும். தூதர் அம்முறைப்படி வணிகர் நூலைத் தேர்ந்தார். இரண்டையும் கொண்டுபோகலாமே என்று தேவியார் அருளியபோது, ஒரு தலைக்கு ஒரு நூல் போதும் என்று அவர் மறுமொழி கூறியதும் நினைவிருக்கும்.

கரை தெரிந்தபோதே குழப்பம் தொடங்கியது. இத்தீவார் சிரிப்பதில்லை, உரக்கப் பேசுவதில்லை என்றது நூல். கரையிலோ முழவு அதிர்ந்தது; மீன் விற்கும் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் நீர் இறைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்; எங்கும் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. தூதர் ஏட்டைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், மறுபடி ஏட்டைப் பார்த்தார். தீவு மாறி வந்துவிட்டோமா என்று மீகாமன் பூதனை வினவினார். அவன் சுக்கானை விடாமலே, "தீவு சரிதாங்க. ஏடுதான் வேற எங்கயோ கரை ஏறியிருக்கு" என்றான். கலத்தார் நகைத்தனர். தூதர் நகைக்கவில்லை. நெற்றிச் சந்தனத்தைத் துடைத்து, வெள்ளாடை உடுத்தி இறங்கினார். உடன் வந்தோரையும் அவ்வாறே இறங்கச் செய்தார்.

அவரைக் கண்டதும் முழவு நின்றது. பெண்கள் சிரிப்பை விட்டுத் தலைகுனிந்தார்கள். கடைகளில் ஒவ்வொன்றாகப் பாய் இறங்கியது. அரண்மனை வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. தூதரின் முகம் தெளிந்தது. "பாத்தீரா ஐயாறரே, ஓர் எழுத்துக்கூடப் பிசகலை" என்று ஓலைநாயகத்தின் காதில் சொன்னார்.

தீவரசர் இருக்கையை விட்டு இறங்கி வந்து, தம் கையாலேயே இளநீர் கொடுத்தார். தூதர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். அரசரின் கண் கலங்கியது. அவர் கூறியதைத் துபாசி நம் மொழியில் இவ்வாறு பெயர்த்துச் சொன்னான்: உங்கள் துயரை ஏற்றோம். கரை ஒதுங்கியவர்களை உங்கள் நாடு அழுது முடித்துவிட்டது என்பதை இவ்வுடையால் அறிந்தோம். அழுது முடித்தவரைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. இனி அவர்கள் எம் குடிகள்; நிலம் தருவோம்.

பின்னர்தான் துபாசி விளக்கினான். வணிகர் வந்து தங்கிய அத்திங்களில் இத்தீவின் பழைய அரசர் இறந்திருந்தார். வணிகர் கண்டதெல்லாம் இழவு. வெள்ளாடையும் மௌனமும் கவிழ்த்த கிண்ணமும் இழவுக்கு உரியவை. நாங்கள் வந்திறங்கியதும் ஊர் அடங்கியது இழவுக்காரருக்குக் காட்டும் மரியாதை.

தூதர் பதறிப்போய், நூலால் நேர்ந்த பிழை என்று முறையிட்டார். அரசர் சினக்கவில்லை. பிழையானால் உடையை மறப்போம் என்றார். அவர்களுக்கு உங்கள் நாட்டில் நீர்க்கடன் செய்யவில்லை என்று உங்கள் அரசியின் பெயரால் ஒரு சொல் சொல்லுங்கள், இன்றே கலமேற்றி அனுப்புகிறோம் என்றார்.

தூதரால் அச்சொல்லைச் சொல்ல முடியவில்லை. சென்ற ஆடி அமாவாசையில், அரண்மனை ஆணைப்படி, ஆழிக்குடித் துறையில் அனைவருக்கும் நீர்க்கடன் கழிந்தது. கலியனுக்கு எள்ளும் நீரும் இறைத்தவர் தூதரே. கலியன் மனைவி நீலி அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர்கள் உயிரோடு இருக்கும் செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. தேவியார் பெயரால் பொய் சொல்லத் தூதருக்கு உரிமையில்லை. மெய் சொன்னால் தம்பி இங்கேயே தங்கிவிடுவான். விடைக்குத் தவணை கேட்டார். அரசர் அடுத்த நிறைமதி வரை அளித்தார்.

அன்றுமுதல் தூதர் காலையில் வண்ண ஆடையை எடுக்கிறார், மடித்து வைக்கிறார், வெள்ளாடையை எடுக்கிறார், அதையும் வைத்துவிடுகிறார். வணிகர் பொய் எழுதவில்லையே என்கிறார். தாமும் பொய்யாக உடுத்தவில்லையே என்கிறார். பிழை எங்கே என்று ஓலைநாயகத்திடம் கேட்கிறார்.

ஆகவே, தீவரசருக்குச் சொல்லவேண்டிய சொல்லைத் தேவியார் தம் திருவாயால் அருளி ஓலையில் விடுக்க வேண்டும். அழுது முடித்தவரை மீண்டும் உயிருள்ளோராக ஏற்கும் சடங்கு ஏதேனும் அறவாணர் நூலில் இருந்தால், அவ்வேட்டையும் பெயர்த்தெழுதி உடன் அனுப்ப வேண்டும். இவ்வோலை தூதர் முன்னிலையில் எழுதி, நாரை இலச்சினை பொறித்து, மீகாமன் பூதன் கையில் தரப்பட்டது. இதைக் காணும் துறைக்காவலர் எவரும் அவனை நிறுத்தாது வழிவிடுக. இது ஆணை.

இலச்சினை இட்டபின் சேர்த்தது: இன்று கலியனைத் தூதரிடம் அழைத்து வந்தார்கள். வெள்ளாடைச் செய்தி அவன் காதுக்கும் எட்டியிருந்தது. வாசலிலேயே நின்றான். தூதர் எழுந்தார். கலியன் உள்ளே வராமல் ஒன்றே கேட்டான்:

"அண்ணே, வீட்ல நீலி இன்னும் பொட்டு வெச்சுக்கிறாளா?"