கேளாமல் சொன்ன பேர்

இன்று காலை பஸ் மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் ரோட்டோரத்து உண்ணிச்செடியை அறுத்துப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே அந்தப் பச்சை வாடை வந்ததும் நீங்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. சாலைப் பணியாளராக இருந்த காலம் முழுக்க அந்த வாடையோடுதானே வீட்டுக்குள் நுழைவீர்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் சட்டையை விட்டுப் போகாது. திட்டிக்கொண்டே துவைப்பேன்.

சேந்தமங்கலம் கருவூலத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். உங்கள் குடும்ப ஓய்வூதியம் நிற்காமல் வர, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருசா வருசம் நேரில் போய்க் காட்ட வேண்டுமே.

முதல் முறை போனது நினைவுக்கு வந்தது. தம்பி துணைக்கு வந்திருந்தான். மேசைக்குப் பின்னாலிருந்த பெண், "ஊட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கம்மா" என்றாள். எனக்கு நாக்கு எழவில்லை. கட்டினவர் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தானே என்னை வளர்த்தார்கள். உங்களுக்கோ நம் மலைக்கோயில் சாமியின் பேரையே வைத்துவிட்டார்கள். கோயிலில்கூட நான் "சாமி, சாமி" என்று மட்டும்தான் கும்பிடுவேன். "உன்னால சாமிக்கே பேரில்லாமப் போச்சு கண்ணு" என்று எத்தனை கேலி செய்வீர்கள்!

தம்பி வாயைத் திறந்தான். "நீங்க சொல்லக்கூடாதுங்க, அவங்கதான் சொல்லோணும்" என்றாள் அவள்.

"எழுதிக் காட்டட்டுங்களா?" என்றேன்.

"பேப்பர்ல இருக்கறதப் பாத்து யாரு வேணா எழுதலாமுங்க. புருசன் பேரே தெரியாதவங்களுக்கு எப்பிடிங்கம்மா பென்சன் போடறது?"

தெரியாதாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பணம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பதும் தெரியும். ஆனால் பேரைச் சொல்லிவிட்டால், காப்பாற்ற இனி உங்கள் ஆயுசு மீதமில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே. காரியமெல்லாம் முடிந்தும் நான் அதை ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

மழைக்காலத்தில் வாய்க்கால் அடைப்பை எடுத்துவிட்டு வந்து நீங்கள் சொல்வீர்களே, "தண்ணிக்கு வழி உட்டுட்டா ரோடு அதும்பாட்டுக்கு நிக்குங் கண்ணு" என்று. அதை நினைத்துக்கொண்டே சொன்னேன். காற்றுதான் வந்தது.

"கேக்கலீங்கம்மா, இன்னொருக்கா."

இரண்டாம் முறை வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே அழுதேன்.

அதிலிருந்து வருசத்துக்கு ஒரு தரம், அந்த மேசைமுன் மட்டும் உங்கள் பேரைச் சொல்லி வருகிறேன். வீட்டில் சொல்வதில்லை. இந்த மடலிலும் எழுதவில்லை, பாருங்கள்.

இன்று அங்கே புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்ன மெஷின் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். விரலை வைத்ததும் விளக்கு எரிந்தது.

"ஆச்சுங்கம்மா, நீங்க கெளம்பலாம்."

"ஏனுங்க, பேரு கேக்கலீங்களே?"

"இப்ப அதெல்லாம் தேவையில்லீங்க."

பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நான் நகரவில்லை. யாரும் கேளாமலே உங்கள் பேரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.