மாப்பிள்ளைக்கு ஒரு வளையல்

என் கண்ணே வசந்தி,

நாளை உனக்கு வருஷத் திதி. அம்மா கொல்லைப்பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். என் மகள் தூளியில் தூங்குகிறாள். கால் பெருவிரலால் கயிற்றை இழுத்து ஆட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். இந்த மத்தியானக் கடற்காற்றில் கண் சொருகும்போதெல்லாம், பக்கத்து அறையில் நீ பேசிக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கிறது. வேறு யாரோடு பேசுவாய்? உன் மாப்பிள்ளையோடுதான்.

இதை வேறு யாராவது படித்தால் தப்பாக நினைத்துத் தொலைக்கப் போகிறார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளை என்பது ஒரு சிலந்தி. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி, காலில் மஞ்சள் பட்டை.

புயல் ஓய்ந்த மறுநாள் வயல்பக்கம் விழுந்து கிடந்த புளியமரத்துப் பொந்திலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு நீ வந்து நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு வரன் பார்த்துப் பார்த்து அம்மா அலுத்திருந்த நேரம் அது. "அம்மா, இனிமே நீ அலையவே வேணாம். மாப்பிள்ளை கெடச்சிட்டாரு" என்றாய். அம்மா விளக்குமாற்றைத் தூக்கினாள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மிட்டாய் ஜாடி கொடுத்தார். மரப்பட்டையும் மண்ணும் போட்டு, வாயில் மல் துணி கட்டி, ஜன்னலில் குடிவைத்தாய்.

"ஆம்பளைன்னு எப்படிடி தெரியும்?" என்று கேட்டேன்.

"பாத்தாலே தெரியலையாக்கா? பொழுதன்னிக்கும் அசையாம குந்தியிருக்காரு. சாப்பாடு வாய்க்கிட்ட வந்தாத்தான் கையத் தூக்குறாரு."

காலேஜில் விலங்கியல் படித்த பெண்ணின் ஆராய்ச்சி இது! ஆனால் நாங்கள் எல்லோரும் நம்பினோம். அப்பாகூட வேலைக்குக் கிளம்பும்போது "மாப்பிள்ளை சாப்புட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். எனக்கு நாள் தள்ளிப்போன செய்தியை நீ முதலில் சொன்னதும் ஜாடியிடம்தான். "மாப்பிள்ளை, நான் சித்தியாவப் போறேன்."

தை பிறந்ததும் உன் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியிலும் சேர்த்தோம். நீ வீட்டுக்கு உயிரோடு திரும்பவில்லை.

அதோடு அம்மாவின் பேச்சும் நின்றது. அவளைத் தனியே விட மனம் வராமல் தருமபுரத்துப் புகுந்த வீட்டிலிருந்து நான் இங்கே வந்துவிட்டேன். சோறு போடுவாள். என் வயிற்றுப் பக்கம் மட்டும் பார்க்கவே மாட்டாள். ஏழாம் மாதம் வந்தது. துக்க வீட்டில் வருஷம் திரும்பாமல் வளைகாப்பு கிடையாது என்று எனக்கும் தெரியும். வளையல் போகட்டும் வசந்தி, அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. என் பிள்ளை பிறந்தால் இவள் அதைக் கையில் வாங்குவாளா, முகத்தையாவது பார்ப்பாளா என்றுதான் பயந்து செத்தேன்.

மாப்பிள்ளைக்குக் கரப்பான் பிடித்துப் போடும் வேலை என்னுடையதாகிவிட்டது. குமட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு போடுவேன். ஒருநாள் அம்மா ஜாடியைக் காட்டி, "இத எங்கயாவது கொண்டுபோய் விடச் சொல்லு ஒங்கப்பாவ. இதப் பாத்தா அவ கொரலுதான் கேக்குது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அரசலாற்றங்கரையில் விட்டுவிடலாம் என்று அப்பா ஒத்துக்கொண்டார்.

அதற்குள் மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. பட்டைக்குப் பின்னால் வெள்ளையாகத் திரை கட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தது. இதுவும் போகப் போகிறது என்று நினைத்துவிட்டேன். ஞாயிறு காலை ஜாடியைக் கொல்லை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். திரை விலகிய இடத்தில், எலுமிச்சம்பழம் பருமனுக்கு ஒரு வெள்ளை உருண்டையை எட்டுக் காலாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்கு அழுவுற?" என்று அம்மா வந்தாள். குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அடியே, இது நோவு இல்லடி. முட்ட! செவுத்துல இருக்குற எட்டுக்கால் பூச்சி வெள்ளையா வட்டமா தூக்கிக்கிட்டு திரியுமே, அதாண்டி இது." என் முகத்தைப் பார்த்தாள். "ஏண்டி, ஆம்பளைன்னுல்ல சொன்னா ஒன் தங்கச்சி? மாப்பிள்ளை புள்ள பெத்துட்டாரா!"

அம்மா சிரித்தாள், வசந்தி. நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிணற்றடியில் உட்கார்ந்தவள், அப்படியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரமோ, தெரியாது. முருங்கைப் பூ எங்கள் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

அப்பா சைக்கிளோடு வந்து, "ஜாடிய குடுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடுறேன்" என்றார்.

"நல்லா இருக்கே நியாயம்! பச்ச ஒடம்புக்காரிய யாராவது வாசலத் தாண்ட விடுவாங்களா? சைக்கிள ஓரமா நிறுத்துங்க" என்று அம்மா போட்ட சத்தத்தில் அவர் மிரண்டேபோனார்.

பிறகு உள்ளே போய் உன் பெட்டியைத் திறந்தாள். யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. உன் பச்சைக் கண்ணாடி வளையல்களை எடுத்து வந்தாள். மல் துணி கட்டியிருந்த நூலில் ஒரு வளையலைக் கோத்து முடிச்சுப் போட்டாள். "மொதல்லயே தெரிஞ்சிருந்தா முன்னாடியே போட்டிருப்பேன்" என்று ஜாடியிடம் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"கைய நீட்டு."

"வருஷம் திரும்பலையேம்மா."

"சாஸ்திரம் எனக்குத் தெரியும். நீட்டுடி."

குத்துவிளக்கு இல்லை, பாட்டு இல்லை, கலந்த சாதம் இல்லை. அம்மா என் கையைப் பிசைந்து பிசைந்து உன் வளையல்களை ஏற்றினாள். கடைசி வளையலைப் போட்டுவிட்டு என் வயிற்றில் கை வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது. "ஒதைக்குதுடி" என்றாள்.

ஆனியில் குஞ்சுகள் வந்தன. வேகவைத்த ஜவ்வரிசிக்குக் கால் முளைத்த மாதிரி, எண்ணி மாளாது. அம்மாவே ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வயல்பக்கம் நடந்தாள். விழாமல் நிற்கும் இன்னொரு புளியமரத்துப் பொந்தில் தாயையும் குஞ்சுகளையும் விட்டோம். "போங்கடி, பத்திரமா இருங்க" என்றாள். அவை எல்லாம் பெண் என்று அவளுக்கு யார் சொன்னது? உன்னைக் கேட்காமல் விட்டுவிட்டோம் என்று உனக்குக் கோபமா?

ஆடியில் என் மகள் பிறந்தாள். மருத்துவச்சி கையிலிருந்து அவளை வாங்கியது அம்மாதான். இப்போது தவழ்கிறாள். எறும்பைக் கண்டால் விரட்டிக்கொண்டு போகிறாள். நேற்று ஒரு மரவட்டையைப் பிடித்து, உன்னைப் போலவே கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் போடாத வரைக்கும் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன் வசந்தி. ஒருநாள் இவளும் முழங்கால் சேறோடு எதையாவது பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், "சீ, தூக்கி எறி" என்று சொல்ல மாட்டேன். பயந்து நடுங்கிக்கொண்டாவது ஜாடியை எடுத்து நிமிர்த்தி வைப்பேன்.

உன் பச்சை வளையலை இன்னும் கழற்றாத
உன் அக்கா,
தையல்