இரண்டு பூச்சட்டை, ஆறு சுற்றுலாக்காரர்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், லா சப்பல் மெட்ரோ நிலையப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் பெரிய விளம்பரப் படத்தில், கடற்கரை மணலில் சாய்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நேற்றுப் பின்னேரம் ஐந்தரை மணியளவில் மீசை முளைத்தது. முறுக்கு மீசை. மங்கையும் மீசையும் நலம். பேனை வைத்திருந்த ஆசாமியைத் தேடும் பணி இதுவரை தொடங்கப்படவில்லை.

இதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இந்த மாதிரிச் செய்தியைக் கேட்டால் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு "உனக்கு விசரடா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரிக்கிற ஆள் நீ ஒருவன்தான்.

மீசை வைத்தாயிற்று, தாடியும் வைப்போம் என்று கையைத் தூக்கியபோதுதான் அவளுக்குப் பின்னால் நிற்கிற கட்டடத்தைக் கண்டேன். வெள்ளைச் சுவர். கண்ணாடிக் கதவுகள். கடலைப் பார்த்தபடி அடுக்கடுக்காகப் பல்கனிகள். கீழே கொட்டை எழுத்தில் தாய்லாந்து. நம்முடையதாக இருக்காது, அந்தக் கரையில் அதே மாதிரி எத்தனையோ நிற்கின்றன. என்றாலும் விரலை வைத்து மாடிகளை எண்ணினேன். நாம் இருந்த ஒன்பதாவதில் விரல் நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்த சனம் என்னை இடித்துக்கொண்டு படியேறிப் போனது. பேனையை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். தாடி வைக்க மனம் வரவில்லை.

நீ இல்லாமல் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நம்மவர் கடைத்தெருவான ரூ காயில் எனக்கு இப்போது இன்னொரு பெயர் இருக்கிறது. "டேய் தாய்லாந்து!" என்றால் திரும்பிப் பார்ப்பேன். அந்தக் கதையை நான் சொல்லாத கடை இல்லை. இங்கே எல்லாரிடமும் வந்த கதை ஒன்று இருக்கிறது. பனிக்குள் நடந்தது, லொறிக்குள் மூச்சு முட்டியது, காட்டுக்குள் பட்டினி கிடந்தது என்று. அவற்றுக்கு நடுவில் நான் எழும்பி, "நான் கடற்கரைச் சொகுசு மாடியிலை இருந்து வந்தனான்" என்று தொடங்கினால் தேத்தண்ணிக் கோப்பைகள் அப்படியே நிற்கும். ஒவ்வொரு நாளும் நீந்தினேன் என்பேன். சுழியோடினேன் என்பேன். போன கிழமை எதிரே தெரிந்த தீவுவரை போய்த் திரும்பிவிட்டேன். வருகிற கிழமை சுறா வரும்.

உனக்கு அந்தக் கதைகள் தேவையில்லை. நீ அங்கே இருந்தாய்.

"நகரத்து லொட்ஜுகளைத்தான் சோதிக்கிறாங்கள். உல்லாசப் பயணியள் இருக்கிற இடத்தை ஒருத்தரும் சோதிக்க மாட்டினம்" என்று, கள்ளப் பாஸ்போட்டில் நம்மை அனுப்பக் காசு வாங்கியிருந்த ஏஜென்சிக்காரன் சொன்னான். அதனால் இரண்டு பேர் விடுமுறை கழிக்கவென்று வீட்டை எடுத்து, அதற்குள் ஆறு பேரை இறக்கினான். இரண்டு பூச்சட்டை, இரண்டு தொப்பி, இரண்டு கறுப்புக் கண்ணாடி வாங்கித் தந்தான். ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் கீழே இறங்கலாம். அவர்கள் ஏறி வந்து சட்டையைக் கழற்றித் தந்த பிறகுதான் அடுத்த இருவர். வாசல் காவலாளியைப் பொறுத்தவரை அந்த வீட்டில் இரண்டே பேர். என்ன, ஒருவன் காலையில் ஒல்லியாக இறங்குவான், மத்தியானம் தொப்பையோடு ஏறுவான், பின்னேரம் அரை அடி வளர்ந்திருப்பான். காவலாளி ஒவ்வொரு முறையும் கும்பிட்டுக் கதவைத் திறந்துவிட்டான். வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பான்.

"பேர்தான் தாய்லாந்து, ஆறு பேரிலை ஒருத்தன்ரை தாயும் இஞ்சை இல்லை" என்று நான் முதல் நாள் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல் யன்னல் பக்கம் போனாய். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

கட்டில் ஞாபகமிருக்கிறதா? வெள்ளை விரிப்பு, அதன்மேல் துவாயை மடித்து அன்னம் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அவ்வளவு பெரிய கட்டிலில் ஒரு துவாய் அன்னம் தனியாகப் படுத்திருக்க, ஆறு மனிதர்கள் சுற்றிவரப் பளிங்குத் தரையில் படுத்தோம், இரண்டு இரவு. மூன்றாம் நாள் நீதான் அதை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய் யன்னலோரக் கதிரையில் வைத்தாய். "அதுவும் கடலைப் பாக்கட்டும்" என்றாய். கலைக்காமலே கட்டிலைப் பிடித்த ஒரே ஆள் நீ.

நாம் இருவரும் சோடியாகக் கீழே போன நாளில் நுரை வந்து நிற்கிற இடத்தில் நின்றோம். உனக்கு அக்காவின் பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு. கார் இல்லாதவர்கள் எல்லாரும் குடியிருக்கிற, இங்குள்ள கார்ஜ் என்ற புறநகரில் அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்து நாலு மாதம். காது குத்துவதற்குத் தாய்மாமன் மடி வேண்டும்.

"நான் போய்ச் சேரும்வரை குத்த வேண்டாமெண்டு எழுதிப்போட்டன்" என்றாய்.

"உன்ரை மடியிலை பிள்ளை இருக்காதடா. எலும்பு குத்தும். காது குத்த முதல் அதுக்கு வேறை இடத்திலை குத்திப்போடும்."

"பஞ்சுத் தலையணை வைச்சிருப்பன்."

நீ பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்து வைத்திருந்தாய்.

இனி வருவதுதான் நான் ரூ காயில் வேறு மாதிரிச் சொல்லித் திரிகிற பகுதி.

உன் அம்மா, என் பெரியம்மா, உன் பையில் ஒரு சின்னப் பொட்டலம் செத்தல் மிளகாய் கட்டித் தந்திருந்தா. பதினோராம் நாள் மத்தியானம். குளிரூட்டி ஓடுகிறது, கதவு யன்னல் எல்லாம் பூட்டு, ஐந்து பேரும் நல்ல நித்திரை. எனக்கு நித்திரை வரவில்லை. ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் இருமப் பண்ணினால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு காரணமும் கிடையாது. உன் பையை அவிழ்த்து, குசினியில் எண்ணெயைக் கொதிக்க விட்டு, இரண்டு கை மிளகாயை அள்ளிப் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

நீங்கள் இருமினீர்கள். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருமினீர்கள். ஆனால் புகை நம் வீட்டோடு நிற்கவில்லை. காற்றுப் போகிற குழாய் வழியாக விறாந்தைக்குப் போனது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்கள் நீச்சல் உடுப்போடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒரு கிழவர் நெருப்பு நெருப்பென்று கத்தினார். கட்டட மேலாளர் நனைத்த கைக்குட்டையை மூக்கில் பிடித்தபடி வந்து கதவை இடித்தார். திறந்தால் உள்ளே இரண்டு பேருக்குப் பதிலாக ஐந்து பேர், எல்லார் கண்ணிலும் நீர். ஆறாவது ஆள் குளியலறைக்குள் நின்றான்.

ஏஜென்சிக்காரன் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டான்.

"எவன்ரா பொரிச்சவன்?"

"நான்தான் அண்ணை. சம்பல் தின்ன ஆசை வந்திட்டுது" என்றாய் நீ.

மறுநாள் விமானத்துக்கு இரண்டு பாஸ்போட் தயாராக இருந்தது. ஒன்று உனக்கு. "உன்னை மாதிரி வாயைக் கட்டாதவனை முதல் அனுப்பினால் எல்லாரையும் மாட்டிவிடுவாய். நீ கடைசி. அந்தச் சின்னவன் போகட்டும்" என்றான் ஏஜென்சிக்காரன். உன்னைவிட எட்டு மாதம் இளையவன் நான்தான் அந்தச் சின்னவன். பாஸ்போட் படம் இரண்டு பேருக்கும் பொருந்தாத படம், ஆகவே இரண்டு பேருக்கும் பொருந்தியது.

காலையில் பூச்சட்டை போட்டுக்கொண்டு நான் இறங்கியபோது, "அக்காட்டைச் சொல்லு, நான் பின்னாலை வாறன் எண்டு. காதுகுத்தை வைக்க வேண்டாமெண்டு சொல்லு" என்றாய். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு நாளில் அதையும் ஒரு பகிடியாக்கிச் சொல்லி முடித்திருப்பேன்.

மேலாளர் வீட்டைக் காலி பண்ண வைத்ததால் மிச்சப் பேரை ஏஜென்சிக்காரன் நகரத்து லொட்ஜில் வைத்தான். அங்கே போன பன்னிரண்டாம் நாள் சோதனை வந்தது. உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு ஐந்தாம் மாதம் நம் ஒழுங்கையில் செல் குண்டு விழுந்தது. இந்த நாலு வசனத்தையும் நான் எந்தக் கடையிலும் சொன்னதில்லை. தீவுவரை நீந்தியதோடு கதையை முடித்துவிடுவேன்.

மிளகாய்க் கதையை மட்டும் சொல்வேன். அது நல்ல கதை. வெள்ளைக்காரர் இருமுவதைச் செய்து காட்டினால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அதில் மிளகாய் பொரிப்பது நீ. சம்பல் ஆசையில். நீயே சொன்ன காரணம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கும் அப்படித்தான் சொன்னேன், வந்திறங்கிய முதல் கிழமையிலேயே. அப்போது நீ உயிரோடு இருந்தாய், அக்கா சிரித்தா.

இப்போது அக்கா வீட்டில் இடிச்ச சம்பல் கிடையாது. நீ போன செய்தி வந்த நாளில் இருந்து அந்த வீட்டுக் குசினியில் செத்தல் மிளகாய் பொரித்ததில்லை. அத்தான் ஒருநாள் கேட்டுவிட்டார். "சின்னனிலை அவன் அழுதால் சம்பலைக் காட்டித்தான் சோறு தீத்துவன். அந்த ருசியைப் பழக்கினது நான்தானே" என்றா அக்கா. நான் அந்த மேசையில்தான் இருந்தேன். பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கார்ஜுக்குப் போயிருந்தேன். உன் துடக்கு வருடம் கழிந்துவிட்டது, பிள்ளைக்கும் இரண்டு வயதாகப் போகிறது. வருகிற ஞாயிறு காதுகுத்து. லா சப்பலில் இருக்கிற நகைக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து குத்துவார்.

"நீதான்ரா மாமன். உன்ரை மடியிலைதான் இருத்தப்போறம். வேட்டி வாங்கியாச்சு" என்றா அக்கா.

பெரியம்மா பிள்ளை, சின்னம்மா பிள்ளை என்று நம் ஊரில் வித்தியாசம் பார்ப்பதில்லை. முறைக்கு நானும் மாமன்தான். ஆனால் உன் இடத்தில் ஒருமுறை இருந்து பறந்து வந்தவனை, இரண்டாம் முறையும் உன் இடத்தில் இருக்கச் சொல்கிறார்கள். பிள்ளை வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த மிளகாயைப் பொரிச்சது நான்."

அக்கா என்னைப் பார்த்தா. பிறகு சிரித்தா. கனநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தா.

"போடா விசரா! சுடுதண்ணி வைக்கத் தெரியாத நீ மிளகாய் பொரிச்சனியோ? அவனிலை பழி விழக்கூடாதெண்டு பாக்கிறாய், என்ன?" என்று என் தலையைத் தடவினா.

அத்தானும் சிரித்தார். "அடுத்த முறை விமானத்தையும் நான்தான் ஓட்டினனான் எண்டு சொல்லுவான்."

நானும் சிரித்தேன். அதுதான் என்னால் தாங்க முடியாதது. பதினேழு வயதுக்குள் இவ்வளவு பொய்யைச் சொல்லி முடித்தவனுக்கு ஒரே ஒரு உண்மையைச் சொல்லத் தெரியவில்லை. என் வாயில் இருந்து எது வந்தாலும் அது பகிடி.

அதனால்தான் எழுதுகிறேன். மடல் உனக்கு. ஆனால் சனிக்கிழமை இதைக் கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுக்கப் போகிறேன். எழுத்தில் என் முகம் தெரியாது. முகம் தெரியாவிட்டால் நம்புவா. வாசித்த பிறகும் மடியில் இருக்கச் சொன்னால் இருப்பேன். வேட்டியைத் திருப்பிக் கேட்டாலும் கொடுப்பேன்.

அக்கா, இதை வாசிக்கிறீர்கள் என்றால் இதையும் வாசியுங்கோ. இந்தக் கடைசித் துண்டை இவனுக்கும் நான் சொன்னதில்லை.

குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்றுதான் நான் உங்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். என் கெட்டித்தனத்தைப் பார்த்துத்தான் ஏஜென்சிக்காரன் என்னை முதலில் அனுப்பினான் என்றும் சொல்லியிருக்கிறேன். தண்ணீர்க் குழாயை நான் திறக்கவே இல்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். "எவன்ரா" என்று ஏஜென்சிக்காரன் கேட்டது கேட்டது. "நான்தான்" என்று நீ சொன்னதும் கேட்டது. தாழ்ப்பாளில் கையை வைத்தேன். இழுக்கவில்லை.

பிறகு நீ வந்து மெதுவாகத் தட்டினாய். திறந்தேன். நீ உள்ளே வந்து என் தலையைப் பார்த்தாய். "குளிச்சனான் எண்டு சொல்லப்போறியோ? தலை காஞ்சு கிடக்கு" என்றாய். குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி, என் தலையில் தடவிவிட்டாய். இரண்டு தரம்.

நான் கடலில் நீந்தியதில்லை. ஒருவரும் நீந்தவில்லை. பூச்சட்டை ஈரமானால் அடுத்த இருவர் கீழே இறங்க முடியாது. தாய்லாந்தில் நான் நனைந்தது உன் கையால் அந்த இரண்டு தரம்தான்.