மழை வராது என்று சொன்ன வாரம்

செப். 9, செவ்வாய்
காலையிலிருந்தே வறண்ட மேற்குக் காற்று. துணி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிட்டது.

பள்ளி வராந்தாவில் 'இன்றைய வானிலை' பலகை. எட்டு வருடமாக நான் எழுதியது. இன்று அசெம்பிளி முடிந்ததும் ஹெச்.எம். கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே கவிதா எழுதட்டும் பார்வதி. அவங்க சொன்னா பசங்களுக்குப் பிடிக்குது." சாக்பீஸை நானே எடுத்துக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே.

கவிதா, ஃபிசிக்ஸ் டீச்சர். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் பிளாக்கிலேயே மாடி வீடு. தினமும் காலை ஆறரைக்கு வாட்ஸப்பில் வானிலை வாய்ஸ். குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கிறார்கள்.

நான் எம்.ஏ. புவியியல். பதினெட்டு வருட சர்வீஸ்.

வாங்க: குக்கர் கேஸ்கட், உளுந்து, சிவப்பு மை பேனா.

செப். 10, புதன்
இவர் மைன்ஸுக்குக் கிளம்பும்போதும் காதில் அவள் வாய்ஸ்தான். "எவ்வளவு லேசா சொல்லுது பாரு இந்தப் பொண்ணு! வெயில்ல நிலம் சூடாகுது, காத்து மேல போகுது, அந்த எடத்துக்குக் கடல்லருந்து குளிர்ந்த காத்து வருது..."

"நான் சொன்னதே இல்லையா?"

"நீயும் சொல்லுவ. பாடம் நடத்துற மாதிரி இருக்கும்."

இட்லிக்குச் சட்னி அரைக்கவில்லை. பொடிதான்.

க. சொன்னதில் தப்பு தேடினேன். இல்லை. அதுதான் எரிச்சல். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று கடலூரோடு நின்றுவிடும். அது தணிந்தால்தான் இது நம் பக்கம் வரும். இரண்டும் முட்டும் இடத்தில் காற்றுக்குப் போக்கிடம் மேலேதான். அங்கே கார்திரள் மேகம் கட்டும். எந்த ஊருக்கு மேல் முட்டுகிறதோ அந்த ஊருக்கு மழை.

எழுதி வைத்துக்கொண்டேன். என்னை யார் கேட்கப்போகிறார்கள்.

செப். 11, வியாழன்
எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மதியம் ஏழுமலை வந்தார். பள்ளி அட்டெண்டர், குறிஞ்சிப்பாடி பக்கம் கிராமம். அறுத்த நெல் ரோட்டோரம் காய்கிறதாம்.

"சாய்ங்காலம் மழைன்னு கவிதா டீச்சர் சொல்லிக்கினு இருக்காங்க. வூட்டாண்ட எம் பொஞ்சாதி ஒருத்திதான் இருக்கா. நீங்க சொல்லுங்க டீச்சர். வரும்னா பர்மிஷன் போட்டுட்டு ஓடிடறேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரம் அசையவே இல்லை. மேற்குக் காற்று நின்றுவிட்டிருந்தது. கிழக்கே மேகம், காலிஃபிளவர் மாதிரி, மேலே மேலே. தெரிந்துவிட்டது. ஐந்து மணிக்குள் வரும்.

"வராது ஏழுமலை. அவங்களுக்கு தினம் ஏதாவது சொல்லியாகணும்."

"அப்ப சரிங்க. நீங்க எவ்ளோ வருசமா பாக்கிறீங்க." போய் மணி அடித்தார்.

4.35. முதலில் காற்று திரும்பியது, கிழக்கிலிருந்து, சில்லென்று. பிறகு இடி. முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. வராந்தாவில் க. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுச்சு பாத்தீங்களா அக்கா!" என்று குதிக்கிறாள். எதிரே ஏழுமலை தொப்பலாக நனைந்தபடி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். ஸ்டார்ட் ஆகவில்லை.

செப். 12, வெள்ளி
ஏழுமலை வரவில்லை. பி.டி. சார் மணி அடித்தார். பத்தாம் வகுப்புக்குப் பருவக்காற்று. பாதியில் நிறுத்தி, மீதியை நீங்களே படியுங்கள் என்றேன். மறுபடி தூறல். சாப்பிடவில்லை.

செப். 13, சனி
நல்ல வெயில். இவரிடம் சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, வடலூரில் பஸ் மாறி ஏழுமலை ஊருக்கு.

வாசலில் தார்ப்பாய் மேல் நெல். புளித்த வாடை. கைவிட்டால் அடியில் சூடு. அங்கங்கே வெள்ளையாய் முளை.

ஏழுமலை பதறிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். "வானத்த யாருங்க கண்டது. எல்லாருக்கும் தப்புறதுதான். இதுக்குப் போயி பஸ் ஏறி வந்துக்கினு..."

"தப்பல ஏழுமலை. மழை வரும்னு தெரியும். தெரிஞ்சேதான் வராதுன்னு சொன்னேன்."

அவர் புரியாமல் பார்த்தார். அவர் மனைவி செல்வி நெல் கிளறுவதை நிறுத்தினாள். "ஏங்க?"

"கவிதா மேல பொறாமை."

"அவங்க மேலன்னா அவங்ககிட்ட காட்டறது. எங்க நெல்லு இன்னாங்க பண்ணுச்சு?"

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கிளற ஆரம்பித்தேன். போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. நாலு மணி வரை குனிந்து நிமிர்ந்து, உள்ளங்கையில் கொப்புளம். பாதி தேறும் என்றார் ஏழுமலை. மீதி கோழிக்கு. பஸ் ஏற்றிவிட அவர் வரவில்லை.

செப். 15, திங்கள்
புழுக்கம். முதுகுவலி இன்னும்.

ஏழுமலை வந்துவிட்டார். வழக்கம்போல வணக்கம் வைத்தார். இன்டர்வலில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று க.விடம், "இன்னைக்கு எப்டிங்க டீச்சர்? நெல்லுல கொஞ்சம் ஈரம் பாக்கி இருக்குது."

"அக்காவக் கேளுங்க. ஜியாகிரபி அவங்கதானே." அவளிடம் ஏழுமலை எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"இல்லீங்க. நீங்களே சொல்லுங்க."

நியாயம்தான். ஆனாலும் சுருக்கென்றது. வெட்கம்தான் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். இல்லை, பொறாமை. இன்னமும்.

க. மொபைலில் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "சாயங்காலம் வரும். நாலு மணிக்குள்ள அள்ளிடச் சொல்லுங்க."

வரும். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.